அறிக்கை மென்பொருளை அதே சேவையகத்தில் நிறுவலாமா?

கேள்வி: ஐயா, சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையையும் அதைச் சார்ந்த மூன்று தோட்டங்களையும் நடத்தும் நிறுவனத்தில் கணினிப் பிரிவைக் கவனித்து வருகிறேன். எடைமேடை, செக்ரோல் (தொழிலாளர் வருகை, கூலிப் பதிவேடு), சம்பளம், ஸ்டோர் கணக்கு எல்லாமே ஒரே சேவையகத்தில், மைக்ரோசாஃப்டின் தரவுத்தள மென்பொருளான எஸ்க்யூஎல் சர்வர் 2019 ஸ்டாண்டர்ட் பதிப்பில் இயங்குகின்றன. நினைவகம் 64 ஜிபி, தரவுத்தளத்தின் அளவு 7 ஜிபி. கோலாலம்பூரிலுள்ள தலைமை அலுவலகம் தினமும் காலையில் பழக்குலை வரவும், மாத முடிவில் தோட்டவாரியாக மகசூல், சம்பளச் சுருக்கம் ஆகியவையும் எஸ்எஸ்ஆர்எஸ் (எஸ்க்யூஎல் சர்வரின் அறிக்கை மென்பொருள்) வழியாக வேண்டும் என்று கேட்கிறது. மென்பொருள் விற்பனையாளர், "இருக்கிற சேவையகத்திலேயே நிறுவிவிடலாம், உரிமம் ஏற்கெனவே இருக்கிறது, ஒரு ரிங்கிட்கூடக் கூடுதலாகச் செலவாகாது" என்கிறார். எங்கள் கணக்காளரோ அது ஆபத்து என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். நிர்வாகி இன்னொரு சேவையகம் வாங்க மனமில்லாமல் இருக்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: அன்புள்ள வாசகருக்கு வணக்கம். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எடைமேடையும் சம்பளமும் ஓடுகிற சேவையகத்தில் அறிக்கை மென்பொருளை நிறுவ வேண்டாம். ஆனால், அதற்காகப் புதிதாக ஒரு பெரிய சேவையகம் வாங்க வேண்டியதும் இல்லை. உங்கள் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. விற்பனையாளரும் கணக்காளரும் ஆளுக்கு ஒன்றைப் பிடித்துக்கொண்டு பேசுவதால்தான் வாக்குவாதம் முடியாமல் இழுக்கிறது.

முதல் கேள்வி, எஸ்எஸ்ஆர்எஸ் என்ற மென்பொருள் எந்தக் கணினியில் உட்கார வேண்டும் என்பது. இரண்டாவது, அந்த அறிக்கைகள் எந்தத் தரவை, அதாவது ஓடிக்கொண்டிருக்கும் தரவுத்தளத்தையா அதன் நகலையா, வினவ வேண்டும் என்பது. மென்பொருளை வேறு கணினிக்கு மாற்றிவிட்டு, அங்கிருந்தபடியே நேரடித் தரவுத்தளத்தை வினவினால், அறிக்கையைப் பிடிஎஃப் ஆகவும் எக்செல் ஆகவும் உருவாக்குகிற வேலை மட்டுமே இடம் மாறும். ஆயிரக்கணக்கான வரிசைகளைப் படித்துக் கூட்டிக் கழிக்கிற வேலை பழைய சேவையகத்தின் தலையில்தான் இருக்கும். பல நிறுவனங்கள் பணம் செலவழித்துச் செய்துகொள்வது இந்த அரைகுறைப் பிரிவினையைத்தான். செய்த பிறகும் எடைமேடை ஏன் தேங்குகிறது என்று குழம்பிக்கொண்டிருப்பார்கள்.

பாடப்புத்தகங்கள் சொல்லும் முதல் அச்சுறுத்தல், அறிக்கைகள் பழைய தரவையெல்லாம் வாசித்து, அன்றாடம் தேவைப்படும் தரவை நினைவகத்திலிருந்து வெளியே தள்ளிவிடும் என்பது. உங்கள் விஷயத்தில் அது பொருந்தாது. 7 ஜிபி தரவுத்தளம் 64 ஜிபி நினைவகத்தில் முழுமையாக அடங்கி, அதன்மேலும் இடம் மிஞ்சும். ஆகவே வட்டு வேகம், நினைவகப் பற்றாக்குறை என்று யாராவது பயமுறுத்தினால் அதை அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டாம். உங்களுக்கு உண்மையாக இருக்கிற சிக்கல்கள் மூன்று: பூட்டுகள், வேலை குவிகிற நாட்கள், பாதுகாப்பு.

ஒருவர் கையாளுகிற பதிவை மற்றவர் தொடாதபடி தரவுத்தளம் தடுத்து வைப்பதுதான் பூட்டு. அந்த விவகாரத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். எஸ்க்யூஎல் சர்வரின் இயல்பான அமைப்பில், படிக்கிறவர் எழுதுகிறவரை மறிப்பார், எழுதுகிறவர் படிக்கிறவரை மறிப்பார். தலைமை அலுவலகத்தில் ஒருவர் ஆறு மாத எடைச்சீட்டுகளைத் தோட்டவாரியாகக் கேட்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வினவல் ஓடுகிற நேரத்தில் எடைமேடைக் கிராணி, பழத்தை இறக்கிவிட்டு வெறும் லாரியாகத் திரும்பிய வண்டியின் எடையைப் பதிந்து சேமிக்கும் பொத்தானை அழுத்துகிறார். திரை அப்படியே நிற்கிறது. லாரி மேடையைவிட்டு இறங்க முடியாது, ஏனென்றால் சீட்டு அச்சாகவில்லை. அதற்குப் பின்னால் பழத்தோடு நிற்கிற வண்டிகள் மேடைக்கு ஏற முடியாது. அறுத்த குலையை 24 மணி நேரத்துக்குள் ஆலையில் போட வேண்டும், தாமதமானால் எண்ணெயில் அமிலம் ஏறி விலை இறங்கும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒரு நிமிடத் தேக்கம் கணினி அறையில் ஒரு நிமிடம்தான். மகசூல் பெருகும் மாதங்களில் அதே தேக்கம் ஆலை வாசலில் நீண்ட வரிசையாகி, சாலை வரைக்கும் போய் நிற்கும்.

இதற்கு விற்பனையாளர்கள் வழக்கமாகச் சொல்லும் கைவைத்தியம், எல்லா அறிக்கை வினவல்களிலும் 'நோலாக்' என்ற குறிப்பைச் சேர்த்துவிடுவது. அதைச் சேர்த்தால் தேக்கம் நின்றுவிடும், அது உண்மை. ஆனால் அப்படிப் படிக்கிற வினவல் இன்னும் உறுதிசெய்யப்படாத பதிவுகளையும் எண்ணிக்கொள்ளும். தரவு இடம் மாறுகிற தருணத்தில் ஒரே வரிசையை இருமுறை எண்ணவோ, அடியோடு விட்டுவிடவோ கூடும். தவறாகப் பதிந்த சீட்டு ஒன்றை ரத்து செய்து புதிய சீட்டு போடுகிற அந்த ஒரு கணத்தில் அறிக்கை ஓடினால், 9 டன் வண்டி 18 டன்னாகக் கணக்கில் ஏறலாம். மறுமுறை ஓட்டினால் சரியான எண் வரும். தலைமை அலுவலகத்துக்குச் சென்ற எண்ணும் உங்கள் எண்ணும் ஏன் ஒத்துப்போகவில்லை என்பதற்கு யாராலும் காரணம் காட்ட முடியாது. பண விவகாரம் சம்பந்தப்பட்ட அறிக்கையில் நான் அந்தக் குறிப்பை அனுமதிப்பதே இல்லை.

முறையான மருந்து 'ரீட் கமிட்டெட் ஸ்னாப்ஷாட்' என்ற அமைப்பு. எஸ்க்யூஎல் சர்வரில் 2005 பதிப்பு முதலே இருக்கிறது, ஸ்டாண்டர்ட் பதிப்பிலும் கிடைக்கும், உரிமச் செலவு கிடையாது. இதை இயக்கினால், ஒரு வரிசை மாற்றப்படும்போது அதன் பழைய நிலை டெம்ப்டிபி என்ற தற்காலிகத் தரவுத்தளத்தில் தனியே வைக்கப்படும். படிக்கிறவர் கடைசியாக உறுதிசெய்யப்பட்ட நிலையைப் படித்துக்கொள்வார், எழுதுகிறவர் காத்திருக்க வேண்டாம். டெம்ப்டிபி வளரும், அதற்கு வட்டில் இடம் வேண்டும். மேலும், பூட்டு தடுக்கும் என்ற நம்பிக்கையில் எழுதப்பட்ட பழைய நிரல்கள், சீட்டு எண் ஒதுக்குகிற நிரல் போன்றவை, தவறாக நடந்துகொள்ள வாய்ப்புண்டு. ஆகவே நகல் ஒன்றில் சோதித்துவிட்டு, ஆலை ஓடாத ஒரு ஞாயிற்றுக்கிழமையில் மாற்றுங்கள். அறிக்கை மென்பொருளை எங்கே வைத்தாலும் சரி, இந்த மாற்றத்தைச் செய்துவிடுவது நல்லது.

அடுத்தது நாட்களின் மோதல். 1955ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி, சம்பளக் காலம் முடிந்த ஏழு நாட்களுக்குள் சம்பளம் கொடுத்தாக வேண்டும். இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) சந்தா 15ஆம் தேதிக்குள் போய்ச்சேர வேண்டும். ஆகவே மாதத்தின் முதல் வாரத்தில் மூன்று தோட்டங்களின் கிராணிகளும் செக்ரோலை முடித்து, பெரட்டில் (காலை ஆள்கணக்கெடுப்பில்) குறித்த வருகையையும் அறுவடைக் கூலியையும் சரிபார்த்துச் சம்பளத்தை ஓட்டிக்கொண்டிருப்பார்கள். அதே வாரத்தில்தான் தலைமை அலுவலகமும் சென்ற மாத அறிக்கைகளை எல்லாக் கோணங்களிலும் கேட்கும், மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியத்துக்கு அனுப்ப வேண்டிய மாதாந்தரக் கணக்குக்கும் அதே தரவுதான் வேண்டும். மாதத்தின் 20ஆம் தேதி வாக்கில் சோதித்துப் பார்த்து, "ஒன்றும் ஆகவில்லையே" என்று விற்பனையாளர் காட்டினால் அது சோதனையே அல்ல. தீபாவளிக்கு முந்திய மாதத்தை, முன்பணமும் போனஸும் சேர்ந்து வருகிற அந்த வாரத்தை, மனத்தில் வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

நினைவகத்தைப் பற்றி ஒரு சொல். எஸ்க்யூஎல் சர்வருக்கு உச்ச வரம்பு குறிக்கவில்லை என்றால் அது கிடைப்பதையெல்லாம் எடுத்துக்கொள்ளப் பார்க்கும். எஸ்எஸ்ஆர்எஸ் அந்த வரம்புக்குள் அடங்காத தனிச் செயலி. அதற்கும் வரம்பு குறிக்காவிட்டால் கணினியிலுள்ள நினைவகம் முழுவதும் தனக்கே என்று எண்ணிக்கொள்ளும். நூற்றுக்கணக்கான பக்கங்கள் கொண்ட அறிக்கையை யாராவது எக்செலாக ஏற்றுமதி செய்யும்போது இருவரும் ஒரே இலைக்குக் கை நீட்டுவார்கள். உங்களிடம் நினைவகம் தாராளமாக இருப்பதால் இது தீர்க்கக்கூடிய சிக்கல்தான். தீர்க்கும் வழியைக் கீழே சொல்கிறேன்.

எனக்கு அதிகக் கவலை தருவது பாதுகாப்பு. எஸ்எஸ்ஆர்எஸ் அடிப்படையில் ஓர் இணையச் சேவை. அதை நிறுவுகிற கணினியில் வலைவாசல் ஒன்று திறக்கப்படும், தலைமை அலுவலகத்தில் பலர் அதன் வழியாக உள்ளே வருவார்கள். 2020 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்ட் இதன் பழைய பதிப்புகளில் இருந்த ஒரு கடுமையான ஓட்டையை அடைத்தது. அந்த ஓட்டை இருந்தவரை, அறிக்கை பார்க்கும் அனுமதி மட்டுமே உள்ள ஒருவர்கூட அந்தச் சேவையின் பெயரில் சேவையகத்தில் தான் விரும்பிய நிரலை ஓட்ட முடிந்தது. அடைப்பு போட்டவர்களுக்கு இன்று அது பழைய கதை. ஆனால், தொழிலாளர்களின் அடையாள அட்டை எண்ணும் வங்கிக் கணக்கும் சம்பளமும் இருக்கிற கணினியிலேயே அப்படி ஒரு வாசலைத் திறப்பானேன்? தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, 2025 ஜூன் முதல் தரவு கசிந்தால் ஆணையருக்கு 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டிய கடமையும் சேர்ந்திருக்கிறது. இதை நிர்வாகியிடம் சொல்லுங்கள். நினைவகம், பூட்டு என்று பேசுவதைவிட இது அவருக்குச் சட்டென்று புரியும்.

உரிமத்தைப் பற்றி விற்பனையாளர் சொன்னது பாதி உண்மை. தரவுத்தள உரிமத்தில் எஸ்எஸ்ஆர்எஸ் அடங்கும், ஒரே கணினியில் இருக்கும்வரை தனி உரிமம் வேண்டாம். வேறு கணினியில் ஸ்டாண்டர்ட் பதிப்பாக நிறுவினால் அந்தக் கணினிக்கும் உரிமம் வாங்க வேண்டும். அவர் சொல்லாமல் விட்டது என்னவென்றால், உங்கள் உரிமம் ஆள்கணக்கு முறையில் வாங்கப்பட்டிருந்தால், அறிக்கையைத் திறந்து பார்க்கிற தலைமை அலுவலக ஊழியர் ஒவ்வொருவருக்கும் பயனர் உரிமம் தேவை, மென்பொருள் அதே சேவையகத்தில் இருந்தாலும்கூட. செயலியின் உள்கரு (கோர்) எண்ணிக்கையில் வாங்கியிருந்தால் இந்தப் பேச்சே இல்லை. வாங்கிய ரசீதை எடுத்து எந்த முறை என்று பாருங்கள்.

இனி, உங்கள் இடத்தில் நான் இருந்தால் செய்வது. தலைமை அலுவலகம் காலையில் கேட்பது நேற்றைய வரவை. மாத முடிவில் கேட்பது சென்ற மாதத்தை. இவற்றில் எதற்குமே இந்த நிமிடத்துத் தரவு தேவையில்லை. ஆகவே, அலுவலகத்தில் இருக்கிற நல்ல நிலையிலுள்ள ஒரு கணினியில் எஸ்க்யூஎல் சர்வர் 2019 எக்ஸ்பிரஸ் பதிப்பையும், எஸ்எஸ்ஆர்எஸ் 2019ஐ அதே எக்ஸ்பிரஸ் பதிப்பாகவும் நிறுவுங்கள். இரண்டும் இலவசம், அலுவலகப் பயன்பாட்டுக்குத் தடையில்லை. நேரடிச் சேவையகம் நள்ளிரவில் எடுக்கும் முழுக் காப்பு நகலை இந்தக் கணினிக்கு நகர்த்தி, அதிகாலையில் மீட்டெடுங்கள். குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் ஏஜென்ட் எக்ஸ்பிரஸில் கிடையாது என்பதால், விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலர் வழியாக ஒரு சிறு நிரலை ஓட்டினால் போதும். எக்ஸ்பிரஸ் எஸ்எஸ்ஆர்எஸ் அதே கணினியிலுள்ள தரவுத்தளத்தை மட்டுமே படிக்கும் என்ற கட்டுப்பாடு இங்கே நமக்கு இடைஞ்சலாக இல்லை, உதவியாகவே இருக்கிறது: யாராவது அவசரத்தில் அறிக்கையை நேரடிச் சேவையகத்தோடு இணைத்துவிட முடியாது.

இதன் எல்லைகளையும் தெரிந்துகொள்ளுங்கள். எக்ஸ்பிரஸில் ஒரு தரவுத்தளம் 10 ஜிபிக்கு மேல் போகக் கூடாது. உங்களுடையது 7 ஜிபி. கடந்த இரண்டு ஆண்டுகளின் காப்பு நகல் அளவுகளை ஒப்பிட்டால் இன்னும் எத்தனை காலம் தாங்கும் என்று தெரிந்துவிடும். தரவுக்கான நினைவகம் 1,410 எம்பிக்குள்தான், ஆகவே மாத அறிக்கைகள் கொஞ்சம் மெதுவாக வரும். காலை ஆறு மணிக்கு அது யாரையும் மறிக்கப் போவதில்லை. அறிக்கையைத் தானாக மின்னஞ்சலில் அனுப்பும் வசதி எக்ஸ்பிரஸில் இல்லை. மேலாளர்களின் அஞ்சல்பெட்டிக்கே வந்து சேர வேண்டும் என்று தலைமை அலுவலகம் பிடிவாதமாக நின்றால், அந்த வசதிக்கான ஸ்டாண்டர்ட் உரிமத்தின் விலையை அவர்களுடைய கணக்கில் எழுதச் சொல்லுங்கள். பெரும்பாலும் உலாவியில் திறந்து பார்க்கச் சம்மதித்துவிடுவார்கள். 10 ஜிபியைத் தாண்டும்போதும் ஸ்டாண்டர்ட் பதிப்புக்குத்தான் போக வேண்டியிருக்கும். 2019 பதிப்புக்கு 2030 ஜனவரி வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வரும் என்பதால் அவசரப்பட வேண்டியதில்லை. 2025 பதிப்பு முதல் எஸ்எஸ்ஆர்எஸ் தனியாக வெளியிடப்படுவதில்லை, அதன் இடத்தைப் பவர் பிஐ ரிப்போர்ட் சர்வர் எடுத்துக்கொண்டது என்பதை மட்டும் விற்பனையாளரிடம் பேசும்போது நினைவில் வைத்திருங்கள்.

நகலை மீட்டெடுத்தவுடன் அதே நிரலில் இரண்டு வேலைகளைச் சேர்த்துவிடுங்கள். ஒன்று, அடையாள அட்டை எண்களையும் வங்கிக் கணக்கு எண்களையும் நகலில் வெறுமையாக்குவது. மகசூலுக்கும் சம்பளச் சுருக்கத்துக்கும் அவை வேண்டியதில்லை. நகலில் இல்லாதது நகலிலிருந்து கசியாது. இரண்டு, படிக்க மட்டும் அனுமதியுள்ள அறிக்கைக் கணக்கை மீண்டும் இணைப்பது. வேறு கணினியிலிருந்து வந்த தரவுத்தளத்தில் பயனரும் நுழைவுக் கணக்கும் பிரிந்துவிடும். இதை மறந்தால் முதல் நாள் காலையிலேயே எல்லா அறிக்கையும் அனுமதி மறுக்கப்பட்டது என்று நிற்கும். இந்த ஏற்பாட்டில் எனக்கு மிகவும் பிடித்த இலாபம் வேறொன்று: உங்கள் காப்பு நகல் உண்மையிலேயே மீட்கக்கூடியதுதானா என்பது தினந்தோறும் சோதிக்கப்பட்டுவிடுகிறது. இடியும் மின்தடையும் பழகிப்போன ஊரில் இது சின்ன விஷயமில்லை.

ஒவ்வோர் அறிக்கையின் தலைப்பிலும், அச்சிட்ட நேரம் அல்ல, தரவு எடுக்கப்பட்ட நேரம் தெரியும்படி வையுங்கள். இல்லையென்றால் பத்து மணிக்கு ஒரு சீட்டைத் திருத்திய கிராணியும், பதினோரு மணிக்கு அறிக்கையைத் திறந்த தலைமை அலுவலகக் கணக்காளரும் தொலைபேசியில் சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள். சம்பளச் சீட்டு, செக்ரோல் சரிபார்ப்புப் பட்டியல் இரண்டையும் மட்டும் நகலுக்குக் கொண்டுபோக வேண்டாம். திருத்திய உடனே பார்க்க வேண்டியவை அவை, ஒரு தோட்டம் அல்லது ஒரு மண்டோரின் (மேற்பார்வையாளரின்) கீழுள்ள ஆட்கள் என்ற சிறிய அளவில் ஓடுபவை. சம்பள மென்பொருளிலேயே இருக்கட்டும்.

இவ்வளவையும் கேட்ட பிறகும் நிர்வாகி இருக்கிற சேவையகம்தான் என்று முடிவுசெய்துவிட்டால், அந்த இயந்திரத்துக்குள்ளேயே தனித்தனிக் கணினிகள்போல இயங்கும் மெய்நிகர் கணினிகள் அமைக்க முடியுமா என்று முதலில் பாருங்கள். விண்டோஸ் சர்வர் ஸ்டாண்டர்ட் உரிமம் இரண்டு மெய்நிகர் கணினிகளுக்கு இடம் கொடுக்கும். தரவுத்தளத்தை ஒன்றிலும் எக்ஸ்பிரஸ் நகலையும் அறிக்கை மென்பொருளையும் மற்றொன்றிலும் வைத்தால், வட்டு பொதுவாக இருந்தாலும் நினைவகமும் வலைவாசலும் மறுதொடக்கமும் பிரிந்துவிடும். அதுவும் முடியாது என்றால், எஸ்க்யூஎல் சர்வருக்கு 44 ஜிபி என்று உச்ச வரம்பு குறித்து, எஸ்எஸ்ஆர்எஸ்ஸின் அமைப்புக் கோப்பில் 'வொர்க்கிங்செட்மேக்ஸிமம்' மதிப்பை 8 ஜிபி அளவுக்குக் கட்டி, மீதியை விண்டோஸுக்கு விட்டுவிடுங்கள். பெரிய அறிக்கைகள் பகலில் ஓடாதபடி, இரவில் தயாரித்துச் சேமித்து வைக்கும் முறையில் அமையுங்கள். வலைவாசல் உள்வலையமைப்புக்கும் விபிஎன்னுக்கும் மட்டும் திறந்திருக்கட்டும்.

அப்படிச் செய்தால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிக்கைச் சேவையகத்தின் தரவுத்தளத்திலுள்ள 'எக்ஸிகியூஷன்லாக்3' என்ற பதிவுப் பட்டியலைத் திறந்து பாருங்கள். ஒவ்வோர் அறிக்கைக்கும் தரவை எடுக்க எவ்வளவு நேரம், கணக்கிட எவ்வளவு, பக்கங்களாக வரைய எவ்வளவு என்று மில்லிவினாடிக் கணக்கில் மூன்று நெடுவரிசைகள் அங்கே இருக்கும். இயல்பாக 60 நாட்களின் பதிவுதான் நிற்கும் என்பதால் அந்த வரம்பை முன்கூட்டியே கூட்டிவிடுங்கள். தரவு எடுக்கும் நேரம்தான் பெரிது என்றால், மென்பொருளை வேறு கணினிக்கு மாற்றிப் பயனில்லை, நகல்தான் வழி. வரையும் நேரம் பெரிது என்றால் மென்பொருளை மட்டும் நகர்த்தினாலே போதும். முதல் வாரத்து எண்களைத் தனியே பிரித்தெடுத்து நிர்வாகியிடம் கொடுங்கள். விற்பனையாளர் கூட்டத்துக்கு வரும் அன்று அந்தத் தாள் மேசைமேல் இருக்கட்டும்.